முப்பது நாட் காதல்

(வெள்ளவத்தையில் பெற்றோரும் இளைஞரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரை)

தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவையும், அதனை அடுத்து நிற்கும் 365அ பிரிவையும் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். சட்டத்தைப் பற்றிப் பேச வல்ல சட்டத்தரணிகள் இந்த அவையிலேயே பலர் இருக்கின்றனர். நாமோ அந்தப் புத்தகத்தைக் கையால் தொட்டதே சில ஆண்டுகளுக்கு முன்னர்தான். அப்படியிருந்தும் மேடையேறச் சம்மதித்தோம். காரணம் உண்டு. அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே, அதை ஒரு வீட்டுக்குள் நிறைவேற்றி வைத்தவர் நாம். பொலிஸார் வரவில்லை, நீதவான் வரவில்லை, பிடியாணை வரவில்லை. தாய்மாமன் வந்தான், தீர்ப்புச் சொன்னான், காரியம் முடிந்தது. அந்தத் தாய்மாமன் நாமே.

ஆடி மாதம் பிறந்தால் வெள்ளவத்தையின் முகம் எப்படி மாறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கனடாவிலும் இலண்டனிலும் பள்ளிக்கூடங்கள் மூடப்படும். கட்டுநாயக்காவில் வந்திறங்கும் பிள்ளைகள் காலி வீதியை நிறைத்துவிடுவர். புடைவைக் கடையிலும் நகைக் கடையிலும் நிற்க இடம் இராது. தொடர்மாடி வீடுகளின் சமையலறைகளில் நண்டும் கணவாயும் மணக்கும். வந்த பிள்ளையின் கையில் முப்பது நாள் விசா. அந்த முப்பது நாளுக்குள் ஊருக்குப் போய்வர வேண்டும். கோயில் நேர்த்தியை முடிக்க வேண்டும். கலியாணம் ஆகாத பிள்ளையாயின், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சம்பந்தத்தை ஒப்பேற்றிவிட வேண்டும். பிள்ளை விமானத்தில் இருக்கும்போதே தரகர் சாதகக் குறிப்போடு வீட்டுக் கதிரையில் இருப்பார்!

2018ஆம் ஆண்டு அப்படி வந்தவன் எமது மருமகன். எமது தங்கையின் மூத்த மகன். பெயரைச் சொல்லமாட்டோம். அகப்பாட்டிலே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டுவதில்லை என்பது நம் முன்னோர் வகுத்த மரபு. காதலைப் பற்றிப் பேசும் இடத்தில் அம்மரபைக் காப்பதே முறை. அவன் சம்மதம் பெற்றே இதனை இங்கு சொல்கிறோம் என்பதை மட்டும் கூறிவைக்கிறோம்.

தங்கையின் கணவர் காலமாகிப் பல ஆண்டுகள். ஆகவே அந்த வீட்டில் எமது சொல்லே கடைசிச் சொல். மருமகன் வந்த முதற் கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாங் கிழமை தொடங்கி, மாலையானால் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினான். "ஆரைப் பார்க்கப் போறாய்?" என்று தாய் கேட்டாள். "சிநேகிதன்" என்றான். அந்தச் சிநேகிதன் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதும் இளைஞன். செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவன். இருவரும் முன்னரே தொலைபேசியிற் பழகியவர்களா, ஆடிவேல் பார்க்கப் போன இடத்தில் பழகியவர்களா என்பதை நாம் கேட்கவில்லை. இன்று கேட்கும் தகுதியும் எமக்கு இல்லை.

ஆண்கள் இருவர் கைகோத்து நடப்பது எம் நாட்டில் புதுமையன்று. எவரும் திரும்பியும் பாரார். ஆனால் ஒருநாள் மாலை, தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரைக் கல்லின்மேல் இருவரும் இருந்ததையும், ஒருவன் தோளில் ஒருவன் தலை சாய்த்திருந்ததையும் அடுத்த மாடியிலுள்ள அம்மையார் ஒருவர் கண்டுவிட்டார். கண்டவர் வாளாவிருப்பாரா? பழந்தமிழர் இதற்கு 'அலர்' என்று பெயர் வைத்தனர். மறுநாட் காலைக்குள் நான்கு மாடிகளுக்கும் செய்தி ஏறி இறங்கிவிட்டது. இதற்கு மின்தூக்கி வேண்டியதில்லை.

தங்கை அழுதாள். எம்மை அழைத்தாள். நாம் போனோம். பெரியோர்களே, எமது வாயிலிருந்து வந்த முதற் கேள்வி என்னவென்று நினைக்கிறீர்கள்? "அந்தப் பொடியன் எந்த ஊர், என்ன ஆட்கள்?" என்பதே! இந்தக் காதல் கூடாது என்று சொல்லப் போன மனிதன், அது கூடாதென்பதை மறந்து சாதி விசாரித்தான். எம் நாக்கின் பழக்கம் அப்படி.

மருமகன் ஒளிக்கவில்லை. "மாமா, நான் உங்களிட்ட அனுமதி கேக்க வரேல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான்" என்றான். அவனுடைய தங்கை, எமது மருமகள், கதவடியில் நின்றவள், உள்ளே வந்தாள். அவளுக்கும் அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். "அண்ணாவின்ர கதை வெளியில போனால் உன்ர கலியாணம் என்னாகும்?" என்று அவளைக் காட்டியே அவனை மடக்கப் பார்த்தோம். அவளோ, "என்னைச் சாட்டாதேங்கோ மாமா. அண்ணா ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. நாங்கள்தான் ஆரோ ஒரு பொம்பிளப் பிள்ளையைக் கொண்டுவந்து ஏமாத்தப் பாக்கிறம்" என்றாள். அகத்திணையில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. தலைவியின் காதலைத் தோழி வீட்டாருக்கு எடுத்துரைப்பது. அன்று அந்த வீட்டில் அறத்தொடு நின்றவள் அவள் ஒருத்தியே. நாம் அவளை உள்ளே போகச் சொன்னோம்.

அதன் பின் செய்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. மருமகனின் கடவுச்சீட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பெண் பார்க்க நாள் குறித்தோம். அவன் அசையவில்லை. அப்போதுதான் எமக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. "இந்த நாட்டில் இதற்கு மறியல் இருக்குது. நீ வெளிநாட்டுப் பிரசை, தப்பிப் போவாய். கொட்டாஞ்சேனைப் பொடியனைப் பொலிசில் பிடிச்சுக் குடுத்தால் அவனுக்கு ஆர் வருவினம்?" என்றோம்.

அவ்வளவுதான். அவன் எதிர்த்துப் பேசவில்லை. கடவுச்சீட்டை மட்டும் கேட்டான். இரண்டு நாளில் பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். வந்து பத்தொன்பதாம் நாள். விசாவில் இன்னும் பதினொரு நாள் மிச்சம் இருந்தது.

365ஆம் பிரிவின்கீழ் வழக்குகள் அரிது, ஆகவே அது இருந்தாலென்ன, போனாலென்ன என்று வாதிப்பவர் உளர். படித்தவர்களே இதைச் சொல்கின்றனர். அவர்களுக்கு எமது வீட்டையே விடையாகத் தருகிறோம். அன்று எந்தப் பொலிஸ் நிலையத்திலும் ஒரு வரி எழுதப்படவில்லை. எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் அந்த நாள் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் அன்று வேலை செய்தது. முழுதாக வேலை செய்தது. ஓர் இளைஞனை நாட்டைவிட்டு ஓட்டியது. மற்றவனை வாய்மூட வைத்தது. வழக்கில்லாச் சட்டம் மிரட்டுகிறவன் கையில் இருக்கும் கத்தி. அதை உறையிலிருந்து எடுக்கவும் வேண்டியதில்லை; இருக்கிறது என்று சொன்னாற் போதும். வீட்டார் மட்டுமா மிரட்டுவர்? காசு பறிக்க நினைக்கும் கயவனும் மிரட்டலாம். மிரட்டப்பட்டவன் எங்கே போய் முறையிடுவான்? முறையிடப் போனால் முதலிற் குற்றவாளி அவனே!

அந்தக் கத்தியை அடித்துக் கொடுத்தவர் யார் என்று பின்னர் தேடிப் பார்த்தோம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயன் ஆண்ட காலத்துச் சரக்கு. அதற்கு முன்மாதிரி, 1860இல் இந்தியாவுக்கு அவன் எழுதிய தண்டனைச் சட்டம். 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' புணர்ச்சி என்று சொல்லி 10 ஆண்டுவரை சிறை என்கிறது 365. 'பாரதூரமான இழிசெயல்' என்று சொல்லி 2 ஆண்டுவரை சிறை என்கிறது 365அ. இயற்கை எது, இழிவு எது என்று இரண்டும் விளக்கவில்லை. எழுதிக் கொடுத்தவன் தன் நாட்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1967இலேயே அதைத் தளர்த்திவிட்டான். நாமோ அவன் கழற்றி எறிந்த சட்டையைத் தோய்த்து உலர்த்தி, எம் முன்னோர் பட்டாடை என்று பெட்டியில் வைத்துக் காக்கிறோம்! 'இந்தக் காதல் மேல்நாட்டுச் சரக்கு' என்று மேடையிற் கூவுகிறவர்கள், கப்பலில் வந்தது காதலா, தண்டனையா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

1995ஆம் ஆண்டில் நடந்தது இன்னும் விசித்திரம். தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தப் புகுந்தனர். 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று மாற்றினர். அதனால் என்ன விளைந்தது? அதுவரை ஆண்களை மட்டும் சுட்டிய குற்றம் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. சமத்துவம் வந்தது, சிறைக்குப் போவதில் வந்தது!

மருமகன் போய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. 2018 செப்டெம்பர் 6ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயதுவந்தோர் இருவர் மனமொத்து வாழ்வதை 377ஆம் பிரிவு குற்றமாக்குவது செல்லாது என்று தீர்த்தனர். மறுநாள் பத்திரிகையில் தங்கை அதை வாசித்தாள். எம்மிடம் நீட்டினாள், ஒன்றும் பேசவில்லை. பாக்கு நீரிணைக்கு அக்கரையில் காதல், இக்கரையில் குற்றம் என்ற நிலை அன்று தொடங்கிற்று. பின்னர் 2022இல் சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் தன் சட்டத்தை நீக்கியது. 2023 அக்டோபரில் மொரீசியசின் உச்ச நீதிமன்றம் தன் நாட்டுச் சட்டம் செல்லாது என்றது. இரண்டும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் நாடுகள். அங்குள்ள தமிழ்க் குடும்பம் எதுவும் இதனால் இடிந்து விழவில்லை.

இங்கு என்ன நடந்தது? பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. குழு, இந்நாட்டுப் பெண்மணி றொசானா பிளேமர் கல்தேரா கொடுத்த முறைப்பாட்டை ஏற்று, இச்சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று 2022இல் கூறிற்று. உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று எமது உயர் நீதிமன்றமே 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. கதவைத் திறக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாராளுமன்றமோ கதவருகே வரவேயில்லை. 2024இல் கலைக்கப்படும்வரை அது நிறைவேற்றப்படவில்லை. வாக்குக் கேட்டு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வரும் வேட்பாளர் எக்கட்சியினராயினும், "இந்தப் பிரிவுகளை நீக்க வாக்களிப்பீரா, மாட்டீரா?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். 'எமது கலாசாரம்' என்று தொடங்கினால், 1883 என்று நினைவூட்டுங்கள்.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். எமக்கு வீட்டைப் பற்றியே கவலை அதிகம்.

சியாம் செல்வதுரை என்ற எழுத்தாளரை உங்களிற் பலர் அறிவீர்கள். 1965இல் கொழும்பிற் பிறந்தவர். தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 வன்செயலின் பின்னர் குடும்பத்தோடு கனடா சென்றவர். சேலை கட்டி மணப்பெண்ணாக விளையாட விரும்பும் தமிழ்ச் சிறுவன் ஒருவனை 'ஃபனி போய்' என்ற நாவலில் 1994இல் உலகறியச் செய்தார். 1998இல் வந்த 'சினமன் கார்டன்ஸ்' இன்னும் பின்னோக்கி, 1927ஆம் ஆண்டுக்குப் போகிறது. டொனமூர் ஆணைக்குழு வந்த காலம். முதலியார் குடும்பத்து பாலேந்திரன் இலண்டனிற் படித்தபோது காதலித்த ஆங்கிலேயனை, தந்தை நேரே போய்ப் பிரித்துவிட்டார். ஊருக்கு அழைத்துக் கலியாணமும் செய்துவைத்தார். இருபது ஆண்டுகளின் பின், ஆணைக்குழுவைக் காரணமாகக் கொண்டு அந்தக் காதலன் கொழும்பில் வந்திறங்குகிறான். 2013இல் வந்த 'த ஹங்கிரி கோஸ்ட்ஸ்' நாவலில் திசை மாறுகிறது. கனடாவிலிருந்து ஷிவன் வருகிறான், மிலி என்ற இளைஞனைக் கொழும்பிற் காதலிக்கிறான், பாட்டி தலையிடுகிறாள், மிலியின் உயிர் போகிறது.

மருமகள் தந்தே இவற்றைப் படித்தோம். இரவில் தூக்கம் வரவில்லை. ஒன்று 1927ஐப் பற்றியது. மற்றையது 1980களைப் பற்றியது. இரண்டிலும் பயணி வருகிறான், சில நாள் காதல், பின்னர் பெரியவர் ஒருவரின் கை குறுக்கே வருகிறது. முதலியாரின் கை, பாட்டியின் கை. 2018இல் எமது கை.

இதனை 'விடுமுறைக் காதல்' என்று இளைஞர் சிரித்துச் சொல்வர். வெயிலில் மலர்ந்து விமானம் ஏறியதும் வாடும் காதல் என்று பொருள். அதற்கு முப்பது நாள் வயதை விதித்தவர் யார்? காதலர் விதித்தனரா? களவு என்பது கற்பில் முடிய வேண்டும் என்றே தமிழ் இலக்கணம் வகுத்தது. மறைவிற் தொடங்கும், ஊர் அலர் தூற்றும், தோழி அறத்தொடு நிற்பாள், பெற்றோர் உடன்படுவர், வரைவு நிகழும், இல்லறம் தொடங்கும். இந்த ஒரு சாரார்க்கு மட்டும் களவோடு கதவை அடைத்துவிட்டு, "பார், இவர்கள் களவிலேயே திரிகிறார்கள், நிலைத்த வாழ்வு இவர்களுக்கு இல்லை" என்று நாமே பழியும் சொல்கிறோம். கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருந்து உயிர்விட்டார் பிசிராந்தையார், அதற்கு முன் முகமும் காணாதவர். அதனை இதுவென்று நாட்ட நாம் வரவில்லை. புலவர்கள் கோபிக்க வேண்டாம். ஓர் ஆண் மற்றோர் ஆணுக்காக உயிரையும் விடுவான் என்பதைக் கேட்டு அஞ்சாத சமுதாயமாக ஒரு காலத்தில் இருந்தோம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

இன்னொன்று. 2007 ஜூன் 7ஆம் நாளை இந்த அவையில் எவரும் மறந்திருக்கமாட்டீர். அதிகாலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. "கொழும்பில் உனக்கு என்ன வேலை? ஏன் இங்கே தங்கியிருக்கிறாய்?" என்று கேட்கப்பட்டது. விடை போதாதென்று 300க்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பின்னர் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அன்று நாம் கொதித்தோம். தான் இருப்பதற்கு ஒரு மனிதன் காரணம் சொல்ல வேண்டுமா என்று கேட்டோம். நியாயமான கேள்வி. பதினொரு ஆண்டுகள் கழித்து, எமது சொந்த வீட்டில், "எங்கே போகிறாய்? யாரைப் பார்க்கிறாய்? ஏன்?" என்று கேட்டு, விடை பிடிக்காமல், பெற்ற தாயின் கண்ணெதிரே ஒரு பிள்ளையை நகரைவிட்டு அனுப்பியவர் நாம். அதைத் தடுக்க எந்த நீதிமன்றமும் கூடவில்லை.

மருமகன் ஒவ்வொரு ஞாயிறும் தாயோடு தொலைபேசியிற் பேசுவான். ஐந்து நிமிடம். அங்கே பனி, இங்கே வெயில், மருந்து எடுத்தாயா, சாப்பிட்டாயா. அவ்வளவே. எம்மோடு பேசுவதில்லை. பின்னர் பெருந்தொற்று வந்து விமான நிலையமும் மூடப்பட்டது.

2022ஆம் ஆண்டு நாம் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியாற் பிணைத்து வீதியோரம் வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். எமக்கு முழங்கால் வலி. தங்கைக்கு இருதய நோய். ஒருநாள் மாலை, மின்வெட்டால் மின்தூக்கியும் நின்றிருந்த வேளை, நான்காம் மாடிக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், நிரம்பிய சிலிண்டர் ஒன்றைத் தோளிற் சுமந்தபடி ஓர் இளைஞர் வியர்த்து நின்றார். "அம்மா, இதை எங்க வைக்க?" என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில் தன் வீட்டுக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்திருந்தார். நாம் அப்போது உள்ளே நாற்காலியில் இருந்தோம். எம்மைக் கண்டார், "வணக்கம் ஐயா" என்றார். நாம் எழுந்து நிற்க முயன்றோம், முழங்கால் விடவில்லை. முழங்காலைச் சாட்டுகிறோமோ என்னவோ.

தங்கை அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அதுவும் அவர் கொண்டுவந்த எரிவாயுவில் கொதித்த நீரே. யார் எவர் என்று ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தொலைபேசியில், பனியும் வெயிலும் பேசி முடிந்த பின்னர், "தம்பி, அவர் வந்தவர்" என்றாள். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. அன்று ஐந்து நிமிடத்தில் பேச்சு முடியவில்லை.

வருகிற ஆடிவேலுக்கு வருவதாக மருமகன் சொல்லியிருக்கிறான். தரகருக்கு இம்முறை செய்தி சொல்லப்படவில்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளையை ஒருநாள் சோற்றுக்கு அழைக்க வேண்டும் என்று தங்கை முந்தநாள் சொன்னாள். அவருக்கு என்ன கறி பிடிக்கும் என்று எம்மைக் கேட்டாள். எமக்குத் தெரியவில்லை. மகனையே கேட்டுச் சொல்லுமாறு கூறிவிட்டு இந்தக் கூட்டத்துக்கு வந்தோம்.